சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு மோல் கணக்கு

தைப்பொங்கல் நோம்பிக்கு வெள்ளையடிக்க, கொங்குப் பக்கம் இன்னமும் கல் சுண்ணாம்பு வாங்கி வந்து வீட்டிலேயே தண்ணீர் விட்டு நீற்றுகிறவர்கள் உண்டு. வெப்ப வேதியியல் கணக்கைப் பிசகில்லாமல் போடும் பிள்ளையும், பிளாஸ்டிக் பக்கெட்டில் கல்லைக் கொட்டி மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றும். அங்கேதான் ஆபத்து.

கல் சுண்ணாம்பில் இருப்பது சுட்ட சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு). அதன் மோல் நிறை, அதாவது ஒரு மோல் (துகள்களை எண்ணும் வேதியியல் அலகு) அளவின் எடை, 56 கிராம்; தண்ணீருடையது 18, நீறிய சுண்ணாம்புக்கு 74. ஒரு மோல் நீறினால் ஏறக்குறைய 65 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். ஒரு கிலோ கல் 17.9 மோல்; வெப்பம் சுமார் 1,160 கிலோஜூல். (56-ஆல் வகுக்காமல் 1000-ஐ நேரே 65-ஆல் பெருக்குவது வழக்கமான பிழை.)

வினைக்கு வேண்டிய தண்ணீர் 320 மில்லிதான். சொம்புத் தண்ணீரில் இதுபோக மிஞ்சுவது இத்தனை சூட்டைத் தாங்காது. ஆவியாகிக் கல்லைப் பிளந்து குழம்பை முகத்தில் அடிக்கும். ஆறு லிட்டர் இருந்தால்? வினைக்குப் போக 5.68 லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 4.18 கிலோஜூல் வீதம் 23.7, நீறிய சுண்ணாம்புக்கு 1.6, ஆக, ஒரு டிகிரி ஏற 25.3 கிலோஜூல். 1,160-ஐ இதால் வகுத்தால் 46 டிகிரி. 28-இல் தொடங்கினால் 74. சுடும், ஆனால் கொதிக்காது.

அதனால் முதலில் தண்ணீர், பிறகு கல், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. இரும்பு டிரம் நல்லது. அலுமினிய அன்னக்கூடை கூடவே கூடாது. சுண்ணாம்பு அதை அரித்து ஹைட்ரஜன் கிளப்பும். சில கல் முதலில் சும்மா கிடக்கும். "என்னங்க, இன்னும் வேகலையே" என்று குனிகிற நேரம் பார்த்துத்தான் பொங்கும்.

விளைபொருள் கணக்கில் ஒரு கிலோவுக்கு 1.32 கிலோ நீறிய சுண்ணாம்பு வரவேண்டும். கல்லில் 80 சதவீதமே சுட்ட சுண்ணாம்பு என்றால் 1.06 கிலோதான். அடியில் நீறாமல் தங்கும் துண்டு, பெரும்பாலும் சூளையில் வேகாத கல். குழம்பை ஈரத்தோடு நிறுத்துவிட்டு 'நூற்றுக்கு மேல் விளைச்சல்' என்று எழுதினால் அது தண்ணீரின் எடை.

மிச்சக் கல்லைச் சாக்கோடு வைக்கோல் போர் பக்கம் வைக்காதீர்கள். மழை நனைத்தால் அந்தச் சூட்டில் தீப்பிடிக்கலாம்.

கண்ணில் பட்டால் கசக்காமல், இமையை விரித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் உடனே அரை மணி நேரம் கழுவுங்கள். துணுக்கு இருந்தால் வெளியே வரவேண்டும். எலுமிச்சைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். கழுவியதும் நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.