அந்தக் கூட்டம் ஏன் கூடவே பாடுச்சு?

ஃபேக்ட் செக் பயிற்சிக்கு வர்ற ஒவ்வொரு பேட்சுக்கும் மொத நாள் ஒரு வீடியோ போடுவேன், யாரு என்னன்னு எதுவும் சொல்லாம. அமெரிக்கால ஒரு பார்க், மேடைல தாடி வச்ச ஒரு ஆளு கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்க நாட்டுப்புற ஸ்டைல் பாட்டு பாடுறாரு, ஒபாமாவுக்கு வைரஸ ஊசில ஏத்தணும்ங்கிற ரேஞ்சுல வரிங்க, கீழ நிக்கிற சில பேர் சிரிச்சுக்கிட்டே கூடப் பாடுறாங்க. முடிஞ்சதும் கேட்டா பாதி பேரு "எவ்ளோ வெறி புடிச்ச ஜனங்க சார்"ம்பாங்க. ஒருத்தனாவது "ட்யூன் நல்லாருக்கே"ம்பான். அவன எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா அவன்தான் உண்மையச் சொல்றான்.

அது 2020 ஜூன் 27, வாஷிங்டன் மாநிலத்துல ஒலிம்பியா ஊரு, துப்பாக்கி உரிமைக்காக நடந்த வலதுசாரிக் கூட்டம். பாடினது பிரிட்டிஷ் காமெடியன் சாஷா பேரன் கோஹன், மாறுவேஷத்துல. போரட்ங்கிறது அவரு போடுற ஒரு காமெடி வேஷம், அந்த ரெண்டாவது 'போரட்' படத்துக்கான ஷூட்டிங், அக்டோபர்ல அமேசான் பிரைம்ல வந்துச்சு. ஏற்பாடு பண்ணவங்க விஷயம் புரிஞ்சு பவர கட் பண்ணப் போனப்ப அவரோட செக்யூரிட்டி ஆளுங்க தடுத்துட்டாங்கன்னு அப்பவே செய்தி வந்துச்சு. நம்ம கைக்கு வர்ற பதினஞ்சு செகண்ட் துண்டு வீடியோல இதெல்லாம் எங்க இருக்கு?

இதே ஆளு 2004லயே அமெரிக்கால அரிசோனா மாநிலத்து டூசான் ஊருல ஒரு கன்ட்ரி மியூசிக் பார்ல போரட் வேஷத்துல யூத வெறுப்பு பாட்டு ஒண்ணு பாடினாரு, அவரே யூதர்தான், அங்கயும் ஜனங்க கூடப் பாடுனாங்க. பின்னாடி பேட்டில என்ன சொன்னாருன்னா, அவங்க யூத வெறுப்பாளர்களா இருக்கலாம், இல்ல அந்த வெறுப்பப் பத்தி அக்கறையே இல்லாதவங்களாவும் இருக்கலாம்னு. எனக்கு ரெண்டாவதுதான் பயமா இருக்கு. கன்ட்ரி பாட்டோட அமைப்பே அப்படி, எளிமையான மெட்டு, திரும்பத் திரும்ப வர்ற பல்லவி, ரெண்டாவது தடவ வர்றப்பவே அர்த்தம் மண்டைக்குள்ள போறதுக்கு முன்னாடி வாய் பாட ஆரம்பிச்சிடும்.

பாக்குறவங்க கதையும் தனியா இருக்கு. ஸ்டீபன் கோல்பேர்னு ஒரு அமெரிக்க டிவி காமெடியன், அப்போ வலதுசாரி ஆளு மாதிரி நடிச்சு வலதுசாரிங்களையே கிண்டல் பண்ணிட்டிருந்தாரு. ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 332 பேருக்கு அவரோட கிளிப்ப காட்டி 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இடதுசாரி, வலதுசாரி ரெண்டு பக்கத்துக்காரங்களுக்கும் சிரிப்பு ஒரே அளவுதான். ஆனா வலதுசாரிங்ககிட்ட, அவரு ஜோக் அடிக்கிற மாதிரி நடிக்கிறாரு, உள்ளுக்குள்ள நம்ம ஆளுதான்னு நெனைக்கிற போக்கு ஜாஸ்தியா இருந்துச்சு. அவங்கவங்க பாக்க விரும்புனதத்தான் பாத்திருக்காங்க.

நானும் அப்படித்தான். ஆரம்பத்துல "பாருங்க எப்படிப்பட்ட ஆளுங்க"ன்னு சொல்லித்தான் இந்த ஒலிம்பியா கிளிப்ப போடுவேன். ஒரு பொண்ணு கை தூக்கி, "சார் எத்தன பேரு இருந்தாங்க, அதுல எத்தன பேரு பாடுனாங்க?"ன்னா. திரும்ப ஓட்டி நிறுத்தி நிறுத்திப் பாத்தோம், வாய் அசையுதா இல்லையான்னே தெரியாத முகம்தான் நெறைய, கைதட்டுற ஷாட்டு எந்த வரிக்குன்னு வெட்டி ஒட்டுன வீடியோவ வச்சு சொல்லவும் முடியல. வேலைல இத்தன வருஷம் இருந்துட்டு இத நான் கேக்கவே இல்லையேன்னு வெக்கமா போச்சு.

அதுல இருந்து மொத தடவ மியூட்ல போடுறேன். போன வாரம் ஒரு பையன், "சார், ஊருத் திருவிழா கச்சேரியா?"ன்னு கேட்டான்.