வழிபாட்டு நேரலைக்குக் கேமரா வாங்கும் முன் கூடத்தை அளந்து பாருங்கள்

வழிபாட்டுத் தலங்களுக்கு நேரலை வசதி அமைத்துத் தரும் தொழிலில் இருக்கிறேன். நிர்வாகக் குழுவினர் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எங்களிடம் இவ்வளவு பணம் இருக்கிறது, இதற்குள் நல்ல கேமரா எது? அதற்கு நான் உடனே எந்த மாடலின் பெயரையும் சொல்வதில்லை. கேமரா நிற்கப்போகும் இடத்துக்கும் வழிபாட்டை நடத்துபவர் நிற்கும் இடத்துக்கும் எத்தனை மீட்டர் தூரம், அங்கே வெளிச்சம் எப்படி, வழிபாடு எவ்வளவு நேரம் நீடிக்கும், ஒலிபெருக்கிக்கு மிக்ஸர் (பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாமல் யார் எந்தக் கேமராவைப் பரிந்துரைத்தாலும் அது வெறும் ஊகமாகவே இருக்கும். செலவாகப்போவது மக்கள் காணிக்கையாகவும் நன்கொடையாகவும் தந்த பணம். அந்தப் பணத்தில் வாங்கிய கருவி பயன்படாமல் அலமாரிக்குள் கிடப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. அந்த வலிதான் இதை எழுத வைக்கிறது.

நேரலையை யார் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. நடக்க முடியாத முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்வதால் வீட்டை விட்டு நகர முடியாதவர்கள், வேலைக்காகத் தொலைவில் வாழ்பவர்கள் என்று நேரில் வர இயலாதவர்களே அதைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். அவர்களில் பலர் கையில் இருப்பது ஒரு சிறிய கைபேசித் திரை. பேசுபவரின் முகம் தெரிய வேண்டும், சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க வேண்டும், நடுவில் அறுந்து போகக் கூடாது என்பதே அவர்களுடைய தேவை. 4கே (மிக நுண்ணிய படம்) என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதால் மட்டும் இந்த மூன்றில் எதுவும் கிடைத்துவிடாது.

முகம் தெரிவதை முதலில் தீர்மானிப்பது தூரம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கேமராவிலிருந்து பேசுபவர் வரையுள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து 36ஆல் பெருக்கி, படத்தின் குறுக்கே எத்தனை மீட்டர் அகலம் தெரிய வேண்டுமோ அந்த எண்ணால் வகுத்தால், தேவையான லென்ஸின் குவியத் தூரம் (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்) மில்லிமீட்டரில் கிடைக்கும். லென்ஸ் வழியே வரும் படத்தைப் பதிவு செய்யும் சென்சார், முழு அளவில் இருந்தால் அதன் அகலம் 36 மி.மீ. என்பதால் இந்த எண் வருகிறது. சிறிய சென்சார் உள்ள கேமராக்களுக்கும் இதற்கு ஈடான அளவை விவரப் பட்டியலில் குறிப்பிடுவது வழக்கம். கேமரா 20 மீட்டர் தள்ளி நிற்கிறது, பேசுபவர் இடுப்பளவில் தெரிய 2 மீட்டர் அகலம் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தேவைப்படுவது 360 மி.மீ. அவர் நின்றபடி முழு உருவமாகவும் சுற்றியுள்ள இடத்தோடும் தெரிய 4 மீட்டர் அகலம் வேண்டுமென்றால் 180 மி.மீ.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் காட்டப்படும் கருவிகளைப் பாருங்கள். கைபேசியின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 24 மி.மீ. அளவுடையது. 20 மீட்டரிலிருந்து அது கூடத்தின் 30 மீட்டர் அகலத்தைக் காட்டும். 4கே படத்தின் குறுக்கே இருப்பவை 3840 பிக்சல்கள். அவற்றில் நமக்கு வேண்டிய அந்த 2 மீட்டருக்குக் கிடைப்பவை வெறும் 256. முழு ஹெச்டி படத்துக்கு வேண்டியவையோ 1920. டிஜிட்டல் ஜூம் என்ற பெயரில் அந்த 256 பிக்சல்களைத்தான் இழுத்துப் பெரிதாக்குகிறார்கள், அதனால்தான் முகம் கரைந்துபோகிறது. முழு அளவைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள, லென்ஸை மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவோடு சேர்த்துத் தரப்படும் லென்ஸ் பெரும்பாலும் 75 மி.மீ.க்கு ஈடான அளவோடு நின்றுவிடும். அதே தூரத்தில் அது ஏறத்தாழ 10 மீட்டர் அகலத்தைக் காட்டும். மேடை முழுவதும் அழகாகத் தெரியும், ஆனால் பேசுபவரின் கண்கள் தெரியாது. அந்தக் கேமராவுக்கு 360 மி.மீ. வரை எட்டக்கூடிய, வெளிச்சத்தையும் நன்றாக உள்வாங்கக்கூடிய லென்ஸ் வாங்கப் போனால், அதன் விலை கேமராவின் விலையைத் தாண்டிவிடும்.

ஆகவே நீண்ட கூடமும் சிறிய பட்ஜெட்டும் உள்ளவர்களுக்கு, லென்ஸாலேயே 20 மடங்கு பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம் உள்ள சாதாரண கேம்கார்டரே (கையடக்க வீடியோ கேமரா) என் முதல் பரிந்துரை. அதன் எட்டம் ஏறத்தாழ 27 மி.மீ.யில் தொடங்கி 500 மி.மீ.யைத் தாண்டிப் போகும். தோற்றத்தில் பழைய காலத்துக் கருவிபோல இருப்பதாலேயே பலர் அதை ஒதுக்குகிறார்கள். மணிக்கணக்கில் ஓடும் நிகழ்ச்சியைத் தொலைவிலிருந்து பதிவு செய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கருவி அது. கேமராவை 5 மீட்டருக்குள் வைக்க முடிகிற சிறிய கூடமாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே மூன்று மடங்கு பெரிதாக்கும் டெலி லென்ஸ் உள்ள கைபேசியை ஒரு டிரைபாடில் பொருத்தி, அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபையை மட்டும் இயக்கி, சார்ஜரோடு இணைத்துவிட்டால் போதும். புதிய கேமரா எதுவும் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பிய சிறிய வழிபாட்டுக் குழுக்கள் உண்டு.

தொலைவிலிருந்து திருப்பவும் ஜூம் செய்யவும் கூடிய பிடிஇசட் கேமராக்களைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வழிபடுவோர் நடுவே ஒருவர் டிரைபாடோடு நிற்பது கவனத்தைக் கலைக்கும் என்றால், சுவரில் பொருத்தப்பட்ட பிடிஇசட் கேமரா உண்மையிலேயே நல்ல தீர்வு. முன்கூட்டியே சேமித்து வைத்த கோணங்களை ஒரு பொத்தானில் அழைக்கலாம் என்பதால், பயிற்சி குறைந்த தன்னார்வலர்களும் அதை இயக்கிவிடுவார்கள். ஆனால் அதே பணத்துக்கு கேம்கார்டரைவிட ஜூம் எட்டம் குறைவாகவே கிடைக்கும். 12 மடங்கு மாடல் பொதுவாக 300 மி.மீ. அளவில் நின்றுவிடுவதால், மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். கேம்கார்டர்களின் சென்சார் மிகச் சிறியது. அதோடு ஜூமை முழுதாக இழுக்கும்போது லென்ஸின் திறப்பும் சுருங்கும். எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகிறது என்று பொருள். எஃப் 1.8 அளவில் தொடங்கும் லென்ஸ் எஃப் 3.6 அளவுக்குப் போனால், உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். மங்கலான கூடத்தில் படம் புள்ளி புள்ளியாக நெளிவதற்கு இதுவே காரணம். அதற்குத் தீர்வாகப் பெரிய சென்சார் உள்ள கேமராவைத் தேடுவதைவிட, பேசுபவர் நிற்கும் இடத்துக்கு முன்னால், சற்றுப் பக்கவாட்டிலும் உயரத்திலும் இரண்டு நல்ல எல்இடி விளக்குகளைப் பொருத்துவது பல மடங்கு மலிவானது. நேரில் வந்திருப்பவர்களுக்கும் அந்த வெளிச்சம் பயன்படும். பேசுபவருக்கு நேர் பின்னால் ஜன்னல் இருந்தால் அதற்கு ஒரு திரை போடுங்கள், இல்லையென்றால் எந்தக் கேமராவிலும் அவர் நிழலுருவமாகவே தெரிவார்.

கேமராவின் அமைப்புகளை கையால் நிர்ணயிக்க முடிய வேண்டும் என்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் ஷட்டர் வேகம் (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை உள்வாங்கும் நேரம்) நொடியில் 50இல் ஒரு பங்கும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 60இல் ஒரு பங்கும் இருந்தால் விளக்குகளால் வரும் துடிப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரைத் தானியங்கியில் விட்டால், வெள்ளை உடை அணிந்த ஒருவர் படத்துக்குள் வந்ததும் மற்ற முகங்கள் எல்லாம் இருண்டுபோகும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸும் அப்படித்தான். தீபத்தின் அல்லது மெழுகுவர்த்தியின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு), பகல் வெளிச்சம் 5600 கெல்வின். இரண்டும் கலந்திருக்கும் கூடத்தில் தானியங்கி முறை ஊசலாடிக்கொண்டே இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி அதை நிலைநிறுத்திவிட வேண்டும். புகை எழும் வழிபாடுகளில் ஆட்டோஃபோகஸ் அந்தப் புகையைத் துரத்திக்கொண்டு போகும் என்பதால், ஃபோகஸைப் பூட்டிவைக்கும் வசதியும் அவசியம்.

இனி, விற்பவர்கள் தாமாகச் சொல்லாத சில விஷயங்கள். படத்தையும் ஒலியையும் வெளியே அனுப்பும் கேமராவின் ஹெச்டிஎம்ஐ இணைப்பு வழியே வரும் படத்தில் பேட்டரிக் குறியும் ஃபோகஸ் கட்டமும் எண்களும் சேர்ந்து வந்தால் அதை நேரலைக்குப் பயன்படுத்த முடியாது. எந்த எழுத்தும் இல்லாத சுத்தமான ஹெச்டிஎம்ஐ வெளியீடு இருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே ஒரு டிவியில் இணைத்துப் பாருங்கள். புகைப்படத்துக்காக உருவான பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் பதிவை நிறுத்திவிடும். அரை மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் சுங்க வரி விதித்ததால் உருவான வரம்பு இது. பெரும்பாலும் மெமரி கார்டில் செய்யும் பதிவுக்கு மட்டுமே இது பொருந்தும், ஹெச்டிஎம்ஐ வெளியீடு தொடர்ந்து வரும். ஆனால் சில மாடல்கள் நீண்ட நேரம் ஓடினால் சூடேறித் தாமாகவே அணைந்துவிடுகின்றன. பேட்டரியின் இடத்தில் பொருத்தும் மின் அடாப்டர் அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பயன்படுத்திய கேமராவை வாங்குவதில் தவறில்லை, நானே பலருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

கேபிளையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிளை 10 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அதற்கு மேல் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிள் தேவை, அதில் கேமரா முனை எது கணினி முனை எது என்று பார்த்து இணைக்க வேண்டும். எஸ்டிஐ என்ற வேறு வகைப் பட வெளியீடு உள்ள கேமராவானால் நல்ல கோஆக்சியல் கேபிளில் முழு ஹெச்டி படம் 100 மீட்டர் அளவுக்குப் போகும். நெட்வொர்க் கேபிள் வழியே படம் அனுப்பும் பிடிஇசட் கேமராக்களுக்கும் 100 மீட்டர்தான் எல்லை, அவற்றில் பலவற்றுக்கு மின்சாரமும் அதே கேபிளில் வந்துவிடும். யூஎஸ்பி வெப்கேம் சில மீட்டர்களுக்குள் கணினி இருக்கும் இடத்துக்கு மட்டுமே ஏற்றது.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது அதைக் கவனிக்காததால்தான். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் எதிரொலித்தால், நாள் முழுவதும் வழிபாட்டுக்காகக் காத்திருந்தவரும் சிறிது நேரத்தில் மூடிவிடுவார். 20 மீட்டர் தள்ளியிருக்கும் கேமராவின் மைக்குக்கு நேரான குரலே நொடியில் ஏறத்தாழ 17இல் ஒரு பங்கு தாமதித்துத்தான் வந்து சேரும். அதன் பின்னால் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலிகளெல்லாம் வரும். ஆகவே மைக் உள்ளீடு உள்ள கேமராவையே தேர்ந்தெடுங்கள், மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒரு கேபிள் கொண்டுவாருங்கள். அதற்கு மிக்ஸரின் முதன்மை வெளியீட்டைவிட ஆக்ஸ் எனப்படும் கூடுதல் வெளியீடே பொருத்தமானது. கூடத்தில் தாமாகவே உரக்கக் கேட்கும் பாடகர்களும் வாத்தியங்களும் முதன்மை வெளியீட்டில் குறைவாகவே இருக்கும் என்பதால், நேரலைக்கென்று தனி அளவில் ஒலியைக் கலந்து அனுப்ப வேண்டியிருக்கிறது. வழிபடுவோர் சேர்ந்து சொல்லும் குரலும் வீட்டில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். அதற்குக் கூடத்தை நோக்கி ஒரு மைக் வைத்து, அதன் ஒலியை அந்த ஆக்ஸுக்கு மட்டும் மெல்லியதாகச் சேர்த்தால், அவர் தனியாக அமர்ந்திருப்பதாக உணரமாட்டார்.

மிக்ஸரிலிருந்து வரும் வலுவான (லைன் அளவு) ஒலியை கேமராவின் மைக் உள்ளீட்டில் அப்படியே செலுத்தினால் குரல் உடைந்து கரகரக்கும். அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை நடுவில் இணைக்க வேண்டும். தொடர்ந்து ஒரு மின்சார ரீங்காரம் கேட்டால், இரு கருவிகளின் மின் தொடர்பைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். ஒலியை கேமரா வழியாகக் கொண்டுவருவதில் இன்னொரு நன்மை, உதட்டசைவும் குரலும் ஒன்றாகவே கணினிக்குள் வந்துசேர்வது. ஒலியைத் தனியாகக் கணினியில் இணைத்தால் அது படத்துக்கு முந்திக்கொள்ளும். ஓபிஎஸ் போன்ற இலவச நேரலை மென்பொருளில் ஒலியை மில்லி நொடிக் கணக்கில் தாமதப்படுத்தி அதைச் சரிசெய்யலாம்.

இணைய வேகத்துக்கு, முழு ஹெச்டி படம் நொடிக்கு 30 பிரேம் என்றால் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) அளவில் அனுப்பினாலே கைபேசித் திரையில் நன்றாக இருக்கும். ஆனால் பதிவேற்ற வேகம் அதைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். இரண்டு மணி நேர வழிபாட்டுக்கு ஏறத்தாழ 4.5 ஜிபி செலவாகும். கூடம் நிரம்பியதும் வைஃபை திணறும் என்பதால் கணினியை கேபிளில் இணையுங்கள். யூடியூபில் நேரலையை முதன்முறை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், கைபேசியிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் வேண்டும் என்பதால், இவற்றை முந்தைய வாரமே முடித்துவிடுவது நல்லது.

கேமராவை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது, படத்தில் வர விரும்பாதவர்கள் அமர ஓர் இடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். குழந்தைகளின் முகமும், அழுதுகொண்டு வேண்டிக்கொள்பவரின் முகமும் உலகத்துக்குப் போகக் கூடாது. படம் பிடிக்கக் கூடாத பகுதிகள் வழிபாட்டில் இருந்தால், அப்போது காட்ட ஒரு நிலைப்படத்தை மென்பொருளில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் உள்ள தொகையை நான் பிரித்துக்கொடுக்கும்போது, கேமராவுக்குப் பாதிக்கு மேல் போக விடுவதில்லை. மீதியில் ஒலிக்கும் விளக்குக்கும் முதல் இடம். பிறகு ஆடாமல் நிற்கும், மெதுவாகத் திரும்பும் ஃபுளூயிட் ஹெட் உள்ள டிரைபாட், கேபிள், கேமராவின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு. தேர்ந்தெடுத்த மாடலை வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வழிபாடு நடக்கும் அதே நேரத்தில், அதே விளக்குகளின் கீழ், தொடக்கம் முதல் முடிவு வரை பொதுவில் தெரியாத நேரலையாக ஓடவிடுங்கள். வீட்டில் இருக்கும் முதியவர் ஒருவரிடம் அந்த இணைப்பைக் கொடுத்து, முகம் தெரிந்ததா, சொல் புரிந்ததா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.