மோட்டார் இல்லாமல் உச்சிக்கு ஏறும் தண்ணீர்

"மரத்துக்குள் மோட்டார் இல்லையே, அப்புறம் உச்சி இலைக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது?" நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியின் கேள்வி. அவளுடைய அப்பா எழுதி அனுப்பியிருந்தார். வேர் உறிஞ்சி அனுப்புகிறது என்று சொல்லிப் பார்த்தாராம், அவள் ஒப்புக்கொள்ளவில்லையாம். ஒப்புக்கொள்ளாதது சரிதான். தண்ணீர் வேர் வழியே உள்ளே வருகிறது என்பது வரை உண்மை. மேலே தூக்குவது வேர் அல்ல.

பாடப்புத்தகத்தில் உள்ளதை வேகமாகக் கடந்துவிடலாம். வேர்த்தூவிகள் மண்ணிலிருந்து நீரை எடுக்கின்றன. சைலம் என்ற நுண்குழாய்கள் வழியாக அது தண்டில் ஏறி இலைக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறிவிடுகிறது; ஒளிச்சேர்க்கைக்குச் செலவாவது மிகச் சொற்பம். இதில் 'ஏறி' என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டோமே, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

உறிஞ்சி ஏற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. குழாயில் வாய் வைத்து உறிஞ்சும்போது நாம் தண்ணீரை இழுப்பதில்லை; உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிடுகிறோம், வெளியே உள்ள வளிமண்டலம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. குழாய்க்குள் முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும் 10 மீட்டர் சொச்சத்தில் தண்ணீர் நின்றுவிடும். 1640-களில் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி விளங்கிக்கொண்டது இதைத்தான். ஆனால் கலிஃபோர்னியாவில் ஹைபீரியன் என்று பெயரிடப்பட்ட ரெட்வுட் மரத்தின் உயரம் சுமார் 116 மீட்டர்! குழாய் மெல்லியதாக இருந்தால் நீர் தானாகவே ஏறுமே என்றால், சைலத்தின் அகலத்துக்கு அந்த ஏற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. வேர் கொஞ்சம் தள்ளுவதும் உண்மைதான். காலையில் புல்நுனியில் நிற்கும் சொட்டுகளில் பல அப்படித் தள்ளப்பட்டு வந்தவை. வெட்டிய தண்டில் நீர் கசிவதும் இதே காரணத்தால்தான். அதை மரம் விடும் கண்ணீர் என்றும், கெட்ட சகுனம் என்றும் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துவதை நிறுத்தினால் நல்லது. ஆனால் அந்தத் தள்ளலுக்கு 100 மீட்டர் ஏற்றும் பலம் கிடையாது.

உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்து நீரை மேலே தள்ளுகின்றன என்று ஜகதீஷ் சந்திர போஸ் கருதினார். 1923-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த விளக்கம் நிற்கவில்லை. அதற்கு முன்பே, 1890-களில், தாவரவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 20 மீட்டருக்கும் உயரமான மரத்தை அடியில் அறுத்து நஞ்சுக் கரைசலில் நிறுத்தியிருந்தார். நஞ்சு ஏறிய வழியெல்லாம் செல்கள் செத்தன, ஆனாலும் கரைசல் ஏறிக்கொண்டே இருந்தது. போஸ் மீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சோதனையில் நிற்க வேண்டும் என்பதுதான் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்படியானால் யார் தூக்குவது? இலைக்குள் போய்ப் பார்ப்போம். அங்குள்ள செல்களின் சுவர்கள் ஈரமானவை. சுவர் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். இழைகளுக்கு நடுவே சில நானோமீட்டர் அகலமே உள்ள இடுக்குகள். ஒவ்வோர் இடுக்கிலும் நீர் நிற்கிறது. வெயிலில் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஆவியாகிப் பிரியப் பிரிய, அந்த நீர்ப்பரப்பு உள்நோக்கிக் குழிகிறது. குழிந்த பரப்பைச் சமமாக்கப் பரப்பு இழுவிசை முயல்கிறது. அதற்காகப் பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. இடுக்கு எவ்வளவு குறுகலோ இழுப்பு அவ்வளவு வலிமை. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் இந்த இழுப்பு இலை நரம்புக்கும், அங்கிருந்து கிளைக்கும், தண்டுக்கும், கடைசியில் வேருக்கும் போய்ச் சேர்கிறது. உச்சியில் ஓர் இடுக்கு ஈரத்தை இழந்தால் அடியில் மண் ஈரம் நகர்கிறது. தண்ணீர் இங்கே கயிறு மாதிரி நடந்துகொள்கிறது! டப்ளினில் ஹென்றி டிக்ஸனும் ஜான் ஜோலியும் 1894-இல் இதை முன்வைத்தபோது நம்ப மறுத்தவர்கள் ஏராளம்.

மரம் இதற்காகச் சக்தி எதையும் செலவழிப்பதில்லை. சைலம் குழாய்கள் இறந்துபோன செல்களின் கூடுகள். செத்த பிறகுதான் அவை வேலைக்கே வருகின்றன. தூக்கும் செலவு முழுவதும் வெயிலுடையது.

வெற்றிடத்தின் அழுத்தம் பூஜ்யம். இழுபடும் நீரின் அழுத்தம் அதற்கும் கீழே, அதாவது எதிர்மறை. இதை அளக்க 1965-இல் பெர் ஸ்கோலாண்டர் குழு எளிய வழி ஒன்றைக் கண்டது. கிளையை வெட்டியதும் இழுபட்டிருந்த நீர் சட்டென்று உள்ளே பின்வாங்கும். வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியும்படி கிளையை ஒரு மூடிய பாத்திரத்தில் அடைத்து, வாயு அழுத்தத்தை மெல்லக் கூட்ட வேண்டும். முனையில் மறுபடி ஈரம் மினுங்கும் கணத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ, அதுதான் இழுப்பின் அளவு. உயரமான மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள்.

வறட்சியில் இழுப்பு எல்லை மீறினால் நீரிழை அறுந்து, அந்தக் குழாயில் காற்றுக் குமிழி புகுந்துவிடும். 1966-இல் மில்பர்னும் ஜான்சனும் ஆமணக்கு இலைக்காம்பில் அதிர்வுணரும் கருவியை வைத்து, இலை வாட வாட ஒவ்வோர் இழையும் அறுகிற 'டிக்' ஒலியைக் கேட்டார்கள். குழாய்களுக்கு இடையே உள்ள குழிகளின் மெல்லிய சவ்வு குமிழியைப் பக்கத்துக் குழாய்க்கு விடாமல் தடுக்கும். நீர் சுற்றுவழியில் போகும். அறுந்தவை மிகுதியானால் மரம் காயும். ஆமணக்கு இலைக்குக் காது கொடுப்பதால் என்ன லாபம் என்று கேட்டு நிதியை மறுக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வறட்சியில் எந்தக் காடு பிழைக்கும் என்று இன்று கணிப்பவர்கள் நம்பியிருப்பது இந்த ஆய்வுகளைத்தான்.

மரம் எவ்வளவு உயரம் வளரலாம் என்பதையும் இதே இழுப்புதான் தீர்மானிக்கிறது. ரெட்வுட் உச்சிகளில் ஏறி அளந்த ஜார்ஜ் கோச் குழு, 122 முதல் 130 மீட்டர் வரைதான் முடியும் என்று 2004-இல் கணித்தது. வேரடியில் ஈரம் இருந்தும், உச்சிக்குப் போகப் போக அந்த மரங்களின் இலைகள் வறண்ட நிலத்துச் செடியுடையவை போலச் சிறுத்துத் தடித்திருக்கின்றன.