‘சாலை வெற்றி’ யார் போட்ட சாலை?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துச் செய்திகளைத் தமிழாக்கித் தரும் செயலிகளிலும், ஆட்டக் காணொளிகளுக்கு அடியில் ஓடும் தமிழ் வரிகளிலும் ‘சாலை வெற்றி’ என்று ஒன்று கொஞ்ச நாளாகத் தாராளமாகப் புழங்குகிறது. ‘ஆதிக்கம் செலுத்தும் சாலை வெற்றி’, ‘மூன்றாவது சாலை இழப்பு’, ‘சாலையில் வலுவான அணி’. ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எந்திரம் செய்த பிழை என்று விடவும் முடியவில்லை, ஏனென்றால் இப்போது மனிதர்களும் அப்படியே எழுதத் தொடங்கிவிட்டார்கள். நெடுஞ்சாலை போட யாருக்கோ டெண்டர் கிடைத்துவிட்டது என்றுதான் இதைப் படிக்கிறவர் நினைப்பார்.

ஆங்கில ‘ரோடு வின்’னைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது. ‘ரோடு வின்’ என்றால் என்ன? எதிரணியின் சொந்த அரங்கத்துக்குப் போய், அவர்கள் கூட்டத்துக்கு நடுவே ஆடி ஜெயிப்பது. அவ்வளவுதான்.

சொல்லின் பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில ‘ரோடு’ முதலில் தார் போட்ட பாதையே இல்லை, குதிரையேறிப் போவதைக் குறித்த சொல். ‘ரைடு’ அதன் உடன்பிறப்பு. ஊருக்கு ஊர் போகும் பாதை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அதற்கு ஒட்டியது. இதே சொல்தான் ஸ்காட்லாந்துப் பக்கம் ‘ரெய்டு’ என்று ஒலித்தது. ஆமாம், வருமான வரி ரெய்டும், கபடியில் மூச்சுப் பிடித்துக்கொண்டு எதிரணிப் பாதிக்குள் புகுகிற ரெய்டும் அந்த ரோட்டின் தம்பிகள். பிறகு ஊர் ஊராகப் போன நாடகக் குழுக்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் ‘ரோட்டில் இருக்கிறோம்’ என்று பேச, ரயிலேறிப் போய் ஆடிய அணிகளின் பேச்சிலும் அது புகுந்துவிட்டது. பிரிட்டன் கால்பந்து ரசிகர்கள் இதையே ‘அவே’ என்பார்கள். ‘ரோடு’ அமெரிக்க வழக்கு.

தமிழ்ச் ‘சாலை’யின் கதை வேறு. அதன் பழைய பொருள் கூடம், மண்டபம். பாடசாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை எல்லாம் அந்த வழி வந்தவை. அப்படிப் பார்த்தால் தமிழ் வரலாற்றில் அசல் சாலை வெற்றி ஒன்று இருக்கிறது: முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’. அங்கே கலம் என்பது கப்பலா வேறெதுவுமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சாலை ஒரு கல்விக்கூடம் என்று சொல்வோர் பலர். சேர நாட்டுக்குப் போய், ஒரு கல்லூரியில் பெற்ற வெற்றி! மொழிபெயர்ப்பாளர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்கள் என்றால் என் புகாரை இங்கேயே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சரி, எந்த மாற்றுச் சொல் தாங்கும் என்று பார்க்க ஒரு நிஜ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரி 5, வட கரோலினா மாநிலம் சேப்பல் ஹில். டியூக் பல்கலைக்கழக அணி, பரம வைரியான வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் அரங்கத்துக்குப் போனது. 1980இலிருந்து டியூக்கின் பயிற்சியாளராக இருந்த மைக் ஷெஷெவ்ஸ்கி அந்தப் பருவத்தோடு ஓய்வு என்று அறிவித்திருந்தார். வட கரோலினாவின் அரங்கத்தில் அவருக்கு அதுவே கடைசி ஆட்டம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர் அமரக்கூடிய அந்த அரங்கம், அவரை நல்லபடியாக அழவைத்து அனுப்பவேண்டும் என்று காத்திருந்தது. நடந்ததோ வேறு. முதல் பாதியிலேயே டியூக் இருபது புள்ளிக்கு மேல் முன்னே போய்விட்டது. ஏ.ஜே. கிரிஃபின் என்ற முதலாண்டு மாணவர் 27 புள்ளி எடுத்தார். முடிவு 87–67. கல்லூரிக் கூடைப்பந்தில் ‘டாமினன்ட் ரோடு வின்’ என்றால் இதுதான்.

இதை ‘வெளியூர் வெற்றி’ எனலாம் என்று ஒரு கட்சி இருக்கிறது. நல்ல தமிழ், புழக்கத்தில் உள்ள தமிழ், சாலையை விட நூறு மடங்கு மேல். இருந்தும் எனக்கு அது ஒத்துவரவில்லை. டியூக் இருக்கும் டர்ஹாமுக்கும் சேப்பல் ஹில்லுக்கும் இடையே 16 கிலோமீட்டர்தான். அதையாவது வேறு ஊர்தானே என்று ஏற்கலாம். லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களான யு.சி.எல்.ஏ.வும் யு.எஸ்.சி.யும் ஒரே மாநகருக்குள் இருப்பவை. ஒன்று இன்னொன்றின் அரங்கத்துக்குப் போய் ஜெயித்தால் அதுவும் ரோடு வின்தான், ஆனால் எங்கே வெளியூர்? இதையும் விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி டியூக்கும் வட கரோலினாவும் தேசியப் போட்டியின் அரையிறுதியில் மறுபடி மோதின, நியூ ஆர்லியன்ஸில். வட கரோலினா 81–77 என்று வென்றது, ஷெஷெவ்ஸ்கியின் பயிற்சியாளர் வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது. நியூ ஆர்லியன்ஸ் இரண்டு அணிக்குமே வெளியூர். இரண்டுமே ஊர் விட்டு ஊர் வந்து ஆடின. ஆனாலும் அதை ரோடு வின் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அது பொது இடம். ‘வெளியூர்’ என்றால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஒன்றானால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: அங்கே இந்த வேறுபாடு வெறும் பேச்சு வழக்கு இல்லை, கணக்கில் ஏறுகிற சங்கதி. தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க முன்பு பயன்பட்ட ஆர்.பி.ஐ. தரவரிசையில், 2004–05 பருவத்திலிருந்து, எதிரியின் அரங்கத்தில் பெற்ற வெற்றி 1.4 ஆகவும், சொந்த அரங்கத்து வெற்றி 0.6 ஆகவும், பொது இடத்து வெற்றி 1 ஆகவும் எண்ணப்பட்டது. 2018இல் அது போய் ‘நெட்’ என்ற புதிய தரவரிசை வந்தது. இப்போது முதல் தர வெற்றி என்ற பெயர் வாங்க, சொந்த அரங்கம் என்றால் முதல் 30 இடங்களுக்குள் உள்ள அணியை வெல்லவேண்டும், பொது இடம் என்றால் முதல் 50, எதிரி அரங்கம் என்றால் முதல் 75 போதும். ஆக மூன்று விதமான இடம், மூன்று விதமான மதிப்பு. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இல்லாமல் இந்தக் கணக்கைத் தமிழில் எழுதவே முடியாது.

அடுத்த கட்சி, ‘அந்நிய மண்ணில் வெற்றி’. இது கிரிக்கெட் எழுத்தாளர்கள் கொடுத்த சீதனம். கிரிக்கெட்டில் அது பொருந்தும், அங்கே மண் நிஜமாகவே ஆடுகிறது. சேப்பாக்கத்து ஆடுகளத்தில் பந்து திரும்புவதும் பெர்த்தில் எகிறுவதும் வேறு வேறு. மோதுவதும் நாடும் நாடும். கூடைப்பந்தில் மண் எங்கே இருக்கிறது? மேப்பிள் மரப்பலகை. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் களத்தின் நீளம் 94 அடி, அகலம் 50, வளையம் தரையிலிருந்து 10 அடி உயரம். ஓர் அங்குலம் மாறாது. மாறுவது கூட்டம் மட்டும்தான். டியூக்கின் கேமரன் அரங்கம் 1940இல் கட்டியது, ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் சின்ன இடம். அதில் களத்தை ஒட்டியே மாணவர்கள் நீலச் சாயம் பூசிக்கொண்டு நிற்பார்கள். எல்லைக் கோட்டில் நின்று பந்தை உள்ளே எறிய வருகிற எதிரணி ஆட்டக்காரனின் முதுகுக்குப் பின்னால், தொட்டுவிடும் தூரத்தில் அவர்கள் விரல்கள் நெளிந்துகொண்டிருக்கும். இடம் யாருடையது என்பதே இங்கே பொருள், தூரமோ மண்ணோ இல்லை.

இதனால்தான் ‘விருந்தினர் அணி’ என்ற சொல்லைக் கண்டால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடுகிறது. அமெரிக்கப் புள்ளிப்பலகையில் ‘கெஸ்ட்’ என்று எழுதியிருப்பது உண்மைதான். அதற்காக? முகம் திரிந்து பார்த்தாலே விருந்து வாடிவிடும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். யாரும் தடுக்காமல் வளையத்துக்குப் பந்தை எறியும் ஃப்ரீ த்ரோ போட நிற்பவன் கண்ணெதிரே, வளையத்துக்குப் பின்னால் ஆயிரம் பேர் கையை ஆட்டிக் கூச்சலிடுவதற்குப் பெயர் விருந்தோம்பலா? ‘விருந்தினர் வெற்றி’ என்று எழுதினால் பந்தியில் யாரோ கூடுதலாக ஒரு வடை வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. தூய தமிழ் அன்பர்கள் சிலர் ‘அயலக வெற்றி’ என்கிறார்கள். அயலகத் தமிழர் என்றால் கடல் கடந்து வாழ்கிறவர் என்று அரசே ஒரு துறை வைத்து நிலைநிறுத்திவிட்ட பிறகு, 16 கிலோமீட்டர் பேருந்தில் போன பையன்களை அயலகத்துக்கு அனுப்புவது ரொம்ப அதிகம். ‘வெளிக்களம்’ என்றால் திறந்தவெளி ஆடுகளம் என்று தோன்றும், ‘வெளிக்கு’ என்ற பேச்சு வழக்கு வேறு குறுக்கே வந்து நிற்கும், வேண்டாம்.

என் ஓட்டு ‘எதிர்க்கள வெற்றி’க்கு. சொந்தக்களம், எதிர்க்களம், பொதுக்களம். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை, அகராதி புரட்டவேண்டாம். எதிர்வீடு போல ‘எதிரே இருக்கும் களம்’ என்று யாராவது எடுத்துக்கொண்டால் என்று ஒரு நண்பர் கேட்டார். எதிர்க்கட்சியை எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சி என்றா எடுத்துக்கொள்கிறோம்? நம் புறத்திணை இலக்கணத்திலும் இதே முப்பிரிவு உண்டு: பகைவன் நாட்டுக்குள் படை கொண்டுபோவது வஞ்சி, சொந்த மதிலைக் காப்பது நொச்சி, இரு படையும் ஒரு களம் குறித்துப் பொருதுவது தும்பை. ‘டியூக்கின் வஞ்சி வெற்றி’ என்று எழுதச் சொல்லவில்லை, அது பூச்சூடி விளையாடுகிற வேலை. ஆனால் இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதில்லை என்று தெரிந்தால் சாலையில் போய் விழுந்திருக்க வேண்டாம்.

இதில் ‘டாமினன்ட்’டுக்கு ‘ஆதிக்க’ என்று போடுவது தனிக் கொடுமை. தமிழில் ஆதிக்கம் என்பது சாதிக்கும் வல்லரசுக்கும் உரிய சொல், அதில் ஒரு கசப்பு ஊறியிருக்கிறது. பையன்கள் பந்து விளையாடி 20 புள்ளியில் ஜெயித்ததற்கு எதற்கு அது? ஆட்டம் முழுக்க டியூக்கின் கை ஓங்கியிருந்தது என்றால் போயிற்று. ‘அபார வெற்றி’யை நாளிதழ்கள் தேய்த்துத் தேய்த்து ஒரு புள்ளி வெற்றிக்கும் ஒட்டிவிட்டதால் அதற்கு இப்போது எடை கிடையாது.

உண்மையில் தொல்லை சொல்லில் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல் நிற்கவேண்டும் என்ற பிடிவாதம் இருக்கிறதே, அங்கேதான் தொடங்குகிறது. தமிழ் வினையில் ஓடுகிற மொழி. ‘டியூக் சேப்பல் ஹில்லுக்கே போய் வட கரோலினாவை 20 புள்ளியில் சாய்த்தது’ என்று எழுதினால் சாலையும் வேண்டாம், எதிர்க்களமும் வேண்டாம். அந்த ‘க்கே’ ஒன்றே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. அட்டவணையிலும் தரவரிசையிலும் எழுதும்போது மட்டும் கலைச்சொல் தேவைப்படும், அங்கே எதிர்க்களம் போதும். மொழிபெயர்ப்பவர்கள் எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தால் இதில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். படிக்க நேரமில்லை, வரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறார்கள் என்பதும் தெரியும். அதற்குக் கோபப்படவேண்டிய ஆள் வேறு.

ஒரே ஒரு விலக்கு. டியூக், வட கரோலினா, வட கரோலினா ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட் என்ற நான்கு பல்கலைக்கழகங்களின் பகையைச் சேர்த்து ‘டொபாக்கோ ரோடு’ என்பார்கள். அந்தப் பக்கம் புகையிலை விளைந்து, புகையிலைத் தொழிலில் பணம் புரண்ட வட்டாரம், அதனால் வந்த பெயர். அதை மட்டும் புகையிலைச் சாலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. பிப்ரவரித் தோல்விக்கு மார்ச் 5ஆம் தேதி, ஷெஷெவ்ஸ்கியின் கடைசிச் சொந்தக்கள ஆட்டத்தில், கேமரன் அரங்கத்துக்கே வந்து 94–81 என்று பழி தீர்த்துவிட்டுப் போனது வட கரோலினா. அதுவும் எதிர்க்கள வெற்றிதான்.