ரூப்ரிக்: செங்காவியில் பிறந்த சொல்

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் ‘ரூப்ரிக்ஸ்’. மாணவர் எழுதியதில் எதைப் பார்ப்பது, எது இருந்தால் எந்தத் தரம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பட்டியல் அது. ஒன்றே ஒன்று இருந்தாலும் பன்மையில்தான் சொல்வோம்: “இந்த புராஜெக்ட்டுக்கு ஒரு ரூப்ரிக்ஸ் போட்டுடுங்க.” வண்ணக் கட்டங்களைத் திருகி விளையாடும் ரூபிக் கனசதுரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ஹங்கேரிக்காரர் எர்னோ ரூபிக்கின் பெயர். இது லத்தீன்.

லத்தீனில் ‘ரூபர்’ என்றால் சிவப்பு, ‘ரூப்ரிகா’ என்றால் செங்காவி மண். மரத்தில் கோடு போடத் தச்சர்கள் வைத்திருந்ததும் அதுதான். ரோமானியர்கள் சட்டங்களின் தலைப்பை இந்தக் காவியால் எழுதினார்கள். எழுதி எழுதி, ரூப்ரிகா என்றாலே சட்டம் என்கிற அளவுக்குப் பொருள் நகர்ந்துவிட்டது.

இடைக்கால ஐரோப்பாவில், கையால் நூல்களைப் படியெடுக்கும் எழுத்தர் கறுப்பு மையில் எழுதிக்கொண்டே போவார். தலைப்புக்கும் முதலெழுத்துக்கும் இடம் விட்டு வைப்பார். பின்னால் இன்னொருவர் வந்து அந்த இடங்களைச் சிவப்பால் நிரப்புவார். வழிபாட்டு நூல்களில் இதற்கு ஒரு கூடுதல் வேலை இருந்தது. பாதிரியார் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய மன்றாட்டு கறுப்பில் இருக்கும். ‘இங்கே முழந்தாளிட வேண்டும்’, ‘இங்கே கைகளை விரிக்க வேண்டும்’ என்று செய்ய வேண்டியது சிவப்பில் இருக்கும். கறுப்பைச் சொல், சிவப்பைச் செய். சிவப்பு எழுத்து ‘விதிமுறைக் குறிப்பு’ ஆனது இப்படித்தான்.

அங்கிருந்து தேர்வுத்தாளுக்கு வர அதிக தூரமில்லை. ‘எவையேனும் மூன்று வினாக்களுக்கு மட்டும் விடையளிக்க’ என்று வினாத்தாளின் தலையில் இருக்கிறதே, பிரிட்டனில் இன்றும் அதற்குப் பெயர் ரூப்ரிக். மூன்று கேட்ட இடத்தில் ஐந்து எழுதிவைப்பது அங்கே ரூப்ரிக் மீறல்.

நம் ஆசிரியர்கள் பேசும் ரூப்ரிக் அமெரிக்கக் கிளை. அதன் பின்னால் ஒரு பழைய தலைவலி இருக்கிறது. 1961-இல் பால் டீடெரிக், ஜான் ஃபிரெஞ்ச், சிடெல் கார்ல்டன் என்ற மூன்று ஆய்வாளர்கள், கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை, ஆறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்தார்கள். எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை, ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் குறைந்தது ஐந்து வெவ்வேறு தரங்கள் கிடைத்தன. 94 சதவீதக் கட்டுரைகளுக்கு ஏழு, எட்டு அல்லது ஒன்பது விதமான தரங்கள்! காரணம் அலட்சியம் இல்லை. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் அமைப்பைப் பார்த்தார், இன்னொருவர் எழுத்துப்பிழையை எண்ணினார். ஒரே தாளில் ஆளாளுக்கு வேறு வேறு தாளைத் திருத்தியிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது, எது இருந்தால் எந்தத் தரம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வழக்கம் அதற்கப்புறம் வலுத்தது. 1980, 90களில் அந்தப் பட்டியலுக்கு ரூப்ரிக் என்ற பெயர் அமெரிக்கப் பள்ளிகளில் நிலைத்துவிட்டது.

சரி, அது எப்படி இருக்கும்? ஒரு கட்டம் போட்ட தாள். இடப்பக்கம் கூறுகள்: கருத்து, ஒழுங்கு, மொழி. மேலே தரநிலைகள்: நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. நடுவில் இருக்கும் கட்டங்களில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு ‘மழைநீர் சேகரிப்பு’ என்று ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறோம் என்று வையுங்கள். ‘கருத்து’ வரிசையில் நான்காம் நிலைக்கு ‘மிகச் சிறப்பு’, மூன்றாம் நிலைக்கு ‘சிறப்பு’, இரண்டுக்கு ‘சுமார்’ என்று எழுதினால் அது ரூப்ரிக் இல்லை, மதிப்பெண்ணுக்கே வேறு பெயர் வைத்த கதை. மாறாக, நான்கு: ‘தன் வீட்டிலோ தெருவிலோ பார்த்த ஓர் அமைப்பைச் சொல்லி, தண்ணீர் கூரையிலிருந்து தொட்டிக்கு எப்படிப் போகிறது என்று விளக்குகிறார்.’ மூன்று: ‘பார்த்த அமைப்பைச் சொல்கிறார், இயங்கும் விதத்தை விளக்கவில்லை.’ இரண்டு: ‘பாடப்புத்தக வரிகளையே திருப்பி எழுதுகிறார்.’ இப்போது இரண்டு வாங்கிய பிள்ளைக்கு, மூன்று வாங்க என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நான் முதன்முதலில் போட்ட ரூப்ரிக் முழுக்க ‘மிகச் சிறப்பு’ வகைதான். பக்கத்து வகுப்பு ஆசிரியரும் நானும் அதை வைத்து ஒரே தாளைத் திருத்தினோம். அவர் 14 போட்டார், நான் 9.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘விடைக்குறிப்பு’ ஆகாது. பொதுத்தேர்வு திருத்தும் மையத்தில் கையில் கொடுப்பார்களே, அந்தக் ‘கீ’தான் விடைக்குறிப்பு. சரியான விடை ஒன்று இருக்கும் இடத்துக்கு அது போதும். ‘மதிப்பெண் பங்கீடு’ என்பது எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கு. இலங்கையில் மதிப்பெண்ணைப் புள்ளி என்பதால் அங்கே ‘புள்ளியிடும் திட்டம்’ என்று அழகாகச் சொல்கிறார்கள். ஆனால் அதுவும் இந்தப் பங்கீட்டுக்கான பெயர்தான். ‘மதிப்பீட்டு அளவுகோல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு, காதுக்கும் நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இடப்பக்கத்துக் கூறு ஒவ்வொன்றையும் அளவுகோல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கோலுக்கும் அதே பெயர், கோல் வைத்திருக்கும் பைக்கும் அதே பெயர் என்றால் குழப்பம்தான்.

மனசுக்குப் பிடித்த பழஞ்சொல் ஒன்று இருக்கிறது: கட்டளை. இன்று ஆணை என்ற பொருளில்தான் காதில் விழுகிறது. ஆனால் செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்று பெயர், பொன்னை உரசிப் பார்ப்பது கட்டளைக்கல், அடிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணிப் பாடுவது கட்டளைக் கலித்துறை. ஆணை, அச்சு, உரைகல், எண்ணிக்கை எல்லாம் ஒரே சொல்லில். ரூப்ரிக் என்ற சொல் நடந்து வந்த வழிக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு தமிழ்ச்சொல் இருப்பதாகத் தெரியவில்லை. நிறத்தையும் விட மனமில்லை என்றால் ‘செம்மை’ இருக்கிறது. நமக்கு அது சிவப்பும்தான், பிழையின்மையும்தான். இருந்தாலும் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து ‘கட்டுரைக் கட்டளை’ என்றோ ‘செம்மைக் குறிப்பு’ என்றோ சொன்னால் யாருக்குப் புரியும்?

அதனால் நான் எழுதுவது ‘தரநிலை அட்டவணை’. உள்ளே இருப்பது தரநிலை, வடிவம் அட்டவணை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பிரித்துப் பார்த்தால் விளங்கும். வாக்கியத்திலும் இடறாது: “தரநிலை அட்டவணையைக் கட்டுரை எழுதுவதற்கு முன்பே மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.” வகுப்பில் முதல் முறை சொல்லும்போது ‘அதாங்க, ரூப்ரிக்ஸ்’ என்று சேர்த்துக்கொள்வேன். இரண்டாவது முறை அது தேவைப்படுவதில்லை.