தெருவோர வடிகால் அடைத்திருந்தால் சென்னையில் யாரைக் கேட்பது?

மழை நின்று வெகுநேரமாகியும் வாசலில் தண்ணீர் வடியவில்லையா? பெரும்பாலும் தெருவோர வடிகாலில் எங்கோ அடைப்பு இருக்கும். அதைச் சரிசெய்யச் சொல்வது வரி கட்டும் நம் உரிமை. கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் சரியான இடத்தில் கேட்க வேண்டும். தெருவுக்குக் கீழே இருப்பவை இரண்டு தனித்தனி ஏற்பாடுகள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடைக் குழாயும் அதன் மேன்ஹோலும் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. மேன்ஹோல் மூடி வழியாகக் கழிவுநீர் பொங்கினால் வாரியத்தின் 1916ஐ அழையுங்கள். மழைத்தண்ணீர் தேங்கினால் மாநகராட்சியின் 1913. எண் மாறிப்போனால் புகார் துறைக்குத் துறை அலையும், தண்ணீர் அங்கேயே நிற்கும். புகார் சொல்லும்போது கதவு எண், தெருவின் எந்தப் பக்கம், அருகில் உள்ள அடையாளம் எல்லாம் சொல்லி, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தைத் தேதியோடு படம் எடுத்து வைப்பதும் நல்லது.

இதையெல்லாம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே செய்துவிட வேண்டும். கொட்டும் மழையில் தூர்வார முடியாது. அப்போது மோட்டார் வைத்து இறைப்பதுதான் நடக்கும்.

நம் பக்கமும் பார்க்க வேண்டியது இருக்கிறது. வண்டி ஏற்றப் போட்ட சாய்தளம் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் வாயை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பல தெருக்களில் வாசலில் தண்ணீர் நிற்க இதுவே காரணம். வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைப்பது விதிமீறல். இணைப்பைத் துண்டித்து அபராதமும் போடுவார்கள். தரைத்தளக் கழிப்பறை வழியாகத் தண்ணீர் மேலேறும் வீடுகளில், வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தினால் பெரிய தொல்லை குறையும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். அந்தக் குழியைத் தூர்வாரி வைத்தால், கூரைத் தண்ணீரில் ஒரு பகுதியாவது தெருவுக்குப் போகாமல் மண்ணில் இறங்கும்.

சரி, புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை, அல்லது வேலை முடியாமலே புகாரை முடித்துவிட்டார்கள் என்றால்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. எங்கள் தெரு வடிகால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, ஒப்பந்ததாரர் யார், எவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது என்று மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ₹10 கட்டணத்துடன் எழுதிக் கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. பலர் கவனிக்காத ஒன்று: பணி நடந்த இடத்தை நேரில் ஆய்வு செய்யவும் அந்தச் சட்டம் அனுமதிக்கிறது, அதையும் மனுவிலேயே கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அங்கும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திலும் முறையிடலாம்.