பெருங்குடல் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்றா? செலவுக் கணக்கை முன்கூட்டியே பேசுங்கள்

பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி, அறுத்து எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்றே வீட்டில் இரண்டு கவலைகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. உயிரைப் பற்றிய கவலையை எல்லாரும் பேசுகிறார்கள். பணத்தைப் பற்றிய கவலையைப் பெரியவர்கள் மனத்துக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள். பிள்ளைகளும் கேட்கக் கூசுகிறார்கள். கூச வேண்டாம். சிங்கப்பூரில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தாங்குவதற்கு ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை, எந்த வழியாக மருத்துவமனைக்குள் போகிறீர்கள், எந்த வகுப்பு வார்டில் படுக்கிறீர்கள் என்ற இரண்டு முடிவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே எடுத்தாக வேண்டும். பில் வந்த பிறகு மாற்றுவது கடினம்.

எந்த வாசல் வழியாக?

பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்), சாஸ் எனும் சமூக சுகாதார உதவித் திட்ட அட்டை உள்ளவர்கள் சாஸ் மருந்தகத்திலோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனையின் சிறப்பு மருத்துவப் பிரிவுக்குப் போனால், நீங்கள் மானியம் பெறும் நோயாளி. உங்களைப் பார்க்கப்போகும் மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மருத்துவமனை ஒதுக்கும் குழுவே பார்க்கும். 'இந்த மருத்துவர்தான் வேண்டும்' என்று பெயர் சொல்லி நேரே போனால், அதே மருத்துவமனையிலேயே நீங்கள் தனியார் நோயாளி ஆகிவிடுவீர்கள். கட்டடம் ஒன்று, கட்டணம் வேறு.

பதற்றத்தில், தெரிந்தவர் சொன்ன மருத்துவரிடம் நேராகப் போய்விட்டு, பிறகு மானியத்துக்கு மாறலாம் என்று நினைக்கிற குடும்பங்கள் உண்டு. மருத்துவ சமூக ஊழியர் குடும்பத்தின் நிதிநிலையை மதிப்பிட்டு, தேவை இருக்கிறது என்று கண்டால்தான் அது நடக்கும். கேட்டவர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே முதல் கடிதத்தை எங்கே வாங்குவது என்று அரை நாள் யோசித்தாலும் தவறில்லை. குடல் அடைத்துக்கொண்டு வலியோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த அவகாசம் இருக்காது. வார்டு வகுப்பை அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் யாரோ, அவருக்கு இந்த விவரம் முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும்.

வார்டும் மானியமும்

பொது மருத்துவமனைகளில் ஏ, பி1, பி2, சி என்று வார்டு வகுப்புகள் இருக்கின்றன. பி2, சி இரண்டும் மானிய வார்டுகள். குடிமக்களுக்கு மானியம் அதிகபட்சம் 80 விழுக்காடு வரை போகும். நிரந்தரவாசிகளுக்குக் குறைவு. வெளிநாட்டவர்க்கு இல்லை. சி வகுப்பில் பல படுக்கைகள் இருக்கும், குளிரூட்டி இருக்காது. அறுவைச் சிகிச்சையின் தரம் வார்டு வகுப்பைப் பார்த்து மாறுவதில்லை. 'அப்பாவை சி வகுப்பில் போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்த நாலு பேர் பில் கட்டப்போவதில்லை.

மானிய விழுக்காட்டை முடிவு செய்வது, வீட்டில் ஒருவருக்கு இவ்வளவு என்று வகுத்து வரும் மாத வருமானம். அடையாள அட்டையில் ஒரே முகவரி கொண்ட குடும்பத்தினரின் மொத்த மாத வருமானத்தைக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறுபத்தெட்டு வயது தந்தை, தாய், மகன், மருமகள், பேரன் என்று ஐந்து பேர். மகனுக்கு மாதம் 4,200 வெள்ளி, மருமகளுக்கு 2,800 வெள்ளி. மொத்தம் 7,000. ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 1,400 வெள்ளி. அந்த 1,400 எந்த அடுக்கில் விழுகிறதோ அதற்கேற்ற மானியம். மகன் திருமணமாகி வேறு வீட்டுக்குப் போய், அடையாள அட்டையில் முகவரியை மாற்றாமலே இருந்தால் அவர் வருமானமும் இந்தக் கணக்கில் ஏறிவிடும். முகவரி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்குமே வருமானம் இல்லை என்றால் வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது அதை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் கிடைக்கும் என்று மதிப்பிட்ட தொகையைப் பார்ப்பார்கள். இந்தக் கணக்கெடுப்புக்குக் குடும்பத்தினரின் ஒப்புதலும் வேண்டும். தொலைவில் வேலை செய்யும் பிள்ளையின் ஒப்புதலுக்காகக் கடைசி நேரத்தில் அலையாமல் முன்னதாகவே வாங்கிவிடுவது நல்லது.

மெடிஷீல்டு லைஃபும் மெடிசேவும்

மானியம் கழிந்து மிச்சமிருக்கும் தொகைக்கு மெடிஷீல்டு லைஃப் வருகிறது. 2015 நவம்பர் 1 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் ஆயுள் முழுவதும் உள்ள காப்புறுதி இது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்ற காரணத்துக்காக யாரையும் விலக்குவதில்லை. நீங்கள் பணம் கோரியதற்காகச் சந்தாவும் ஏறுவதில்லை. 2025 ஏப்ரலிலிருந்து ஓர் ஆண்டுக்கான உச்ச வரம்பு 200,000 வெள்ளி. ஆனால் இது பி2, சி வார்டு பில்களுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. ஏ வகுப்பிலோ தனியார் மருத்துவமனையிலோ படுத்தால் பில்லில் ஒரு சிறு பங்கையே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மீதி உங்கள் தலையில்.

மெடிஷீல்டு பணம் கொடுக்கத் தொடங்கும் முன், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குறிப்பிட்ட தொகையை நீங்கள் ஏற்க வேண்டும். அதைத் தாண்டிய தொகையிலும் 3 முதல் 10 விழுக்காடு வரை உங்கள் பங்கு. பில் பெரிதாகப் பெரிதாக அந்த விழுக்காடு குறையும். இந்த இரண்டையும் மெடிசேவிலிருந்தே, அதாவது மத்திய சேம நிதியில் (மசேநி) மருத்துவச் செலவுக்கென உள்ள சேமிப்பிலிருந்தே கட்டலாம், அதற்கு உரிய வரம்புக்குள். அறுவைச் சிகிச்சைகளை அவற்றின் சிக்கலைப் பொறுத்து 1 முதல் 7 வரை பட்டியலிட்டிருக்கிறார்கள். பட்டியல் எண் ஏற ஏற மெடிசேவிலிருந்து எடுக்கக்கூடிய தொகையும் ஏறும், உச்சம் 7,550 வெள்ளி. மருத்துவமனையில் தங்கும் நாள்களுக்குத் தனி வரம்பு உண்டு.

தாயின் மெடிசேவில் பணம் இல்லையே என்று தவிக்க வேண்டாம். கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று நெருங்கிய குடும்பத்தார் தங்கள் மெடிசேவிலிருந்து கொடுக்கலாம். நான்கு பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்ளலாம். யார் எவ்வளவு என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். மருத்துவமனையின் அனுமதி மேசையில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சல்ல அது.

மெடிஷீல்டு லைஃபோடு கூடுதல் காப்புறுதியும் சேர்ந்த, தனியார் காப்புறுதி நிறுவனத்தின் ஒருங்கிணைந்த திட்டம் வைத்திருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோய் கண்டபின் 'இதைவிட நல்ல திட்டம் இருக்கிறது' என்று எந்த முகவர் சொன்னாலும் மாறாதீர்கள். புதிய நிறுவனம் ஏற்கெனவே உள்ள புற்றுநோயை விலக்கிவைக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் நிறுவனத்தை அழைத்து, இந்த மருத்துவர் அவர்கள் பட்டியலில் இருக்கிறாரா, முன் அனுமதி வேண்டுமா, மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் தருவார்களா என்று மூன்றையும் கேளுங்கள். மானிய வார்டில் படுக்கவும் அதே திட்டத்தைப் பயன்படுத்தலாம்.

அந்த ஒரு தாள்

நாள் குறித்ததும் மருத்துவமனையில் நிதி ஆலோசனைக்கு அழைப்பார்கள். ஊழியர் கணினியைப் பார்த்துக்கொண்டே வேகமாகச் சொல்லிவிட்டு, மதிப்பிடப்பட்ட செலவு அச்சிட்ட தாளை நீட்டுவார். பெரும்பாலோர் அடியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்த்து முகம் வெளுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நிதானமாக மேலிருந்து கீழே படியுங்கள். மானியத்துக்கு முந்தைய தொகையா, பிந்தையதா? மெடிஷீல்டு எவ்வளவு? மெடிசேவ் எவ்வளவு? கையிலிருந்து எவ்வளவு? தங்கும் நாள் எத்தனை என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு நாள் இருக்க நேர்ந்தால் எவ்வளவு கூடும்? தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் கேளுங்கள். அவர்கள் ஏற்பாடு செய்ய முயல்வார்கள்.

கையிலிருந்து கட்டவேண்டிய தொகை உங்களால் முடியாதது என்றால், அங்கேயே, அன்றே மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். 1993இல் தொடங்கிய மெடிஃபண்ட் இதற்காகவே இருக்கிறது. மானியம், காப்புறுதி, மெடிசேவ் எல்லாம் போயும் கட்ட முடியாமல் நிற்கும் குடிமக்களுக்கு உதவும் நிதி அது. வருமானச் சான்று, மசேநி அறிக்கை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று விவரங்கள் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு வீட்டுச் செலவே இடிக்கும் என்றால், பேட்டையிலுள்ள சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசாங்க நிதியுதவிக்கு விண்ணப்பிக்கவும் அந்தச் சமூக ஊழியரே வழிகாட்டுவார். இதைப் பிச்சை என்று நினைப்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: இது உங்களுக்காகவே ஒதுக்கிவைத்த பணம்.

உடம்பைத் தயார் செய்தல்

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மதிப்பீட்டு நாளில் இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மயக்கமருந்து மருத்துவரின் சந்திப்பு எல்லாம் நடக்கும். வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தேக்காவில் வாங்கிய லேகியம், சித்த மருந்து, மூலிகைப் பொடி உட்பட. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்துகளையும், எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் போன்ற நீரிழிவு மருந்துகளையும் எப்போது நிறுத்துவது என்று அவர்கள் நாள் குறித்துக் கொடுப்பார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடராதீர்கள். கட்டியிலிருந்து இரத்தம் கசிந்து இரத்தசோகை இருந்தால், முன்கூட்டியே இரத்த நாளம் வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம். புகைபிடிப்பவர் இன்றே விட வேண்டும்.

குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்து கொடுத்தால் முந்தைய நாள்களில் நார்ச்சத்து குறைந்த உணவு. கீரை, முருங்கைக்காய், கொண்டைக்கடலை வேண்டாம். வெள்ளைச் சோறும் முட்டையும் ஆகும். தெளிந்த பானம் என்று தாளில் எழுதியிருந்தால் பால் சேர்த்த தே, கோப்பி அதில் வராது. பால் சேர்க்காத கோப்பி ஓ, தே ஓ பொதுவாக வரும்.

மலம் வெளியேற வயிற்றில் துளையிட்டு (ஸ்டோமா) அதன்மேல் பை வைக்க வேண்டிவரலாம் என்று சொல்லியிருந்தால், அதற்கென உள்ள ஸ்டோமா தாதி முன்னதாகவே பேனாவால் வயிற்றில் இடம் குறிப்பார். உட்காரச் சொல்வார், குனியச் சொல்வார், தோலின் மடிப்பைப் பார்ப்பார். அப்போது, சேலைக் கொசுவத்தை எங்கே செருகுவீர்கள், வேட்டியையோ காற்சட்டையையோ எந்த உயரத்தில் கட்டுவீர்கள் என்பதைக் காட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். இடுப்புக் கட்டு பையின் மேல் விழுந்தால் ஒவ்வொரு நாளும் அவதி.

விடுப்பும், வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்களும்

வேலை நியமனச் சட்டப்படி ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்துடன் மருத்துவமனை விடுப்பு உண்டு. சாதாரண மருத்துவ விடுப்பான 14 நாளும் அதற்குள் அடக்கம். மூன்று மாதம் முடித்தவருக்கு 15 நாளில் தொடங்கி மாதாமாதம் கூடும். வீட்டுக்கு வந்தபின் ஓய்வு தேவை என்று மருத்துவமனை சான்றிதழ் கொடுத்தால் அந்த நாள்களும் மருத்துவமனை விடுப்பில் சேரும். குடல் அறுவைக்குப் பின் பல வாரம் ஓய்வு வேண்டியிருக்கும். பிறகு கீமோதெரபியும் வரலாம். நாள்களைக் கணக்கிட்டுச் செலவிடுங்கள்.

ஊரிலிருந்து வந்து வேலை அனுமதிச்சீட்டிலோ எஸ் பாஸிலோ வேலை செய்யும் சகோதரர்களுக்கு மானியமும் மெடிஷீல்டும் கிடையாது. ஆனால் முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2023 ஜூலை 1 முதல் அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனம் தாங்கும். அதற்கு மேல் 60,000 வரை நிறுவனம் 75 விழுக்காடும் முதலாளி 25 விழுக்காடும் தாங்க வேண்டும். மேற்பார்வையாளர் 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்' என்று சொன்னாலும், முதலில் மருத்துவமனையின் சமூக ஊழியரிடம் பேசுங்கள். ஊரில் குடும்பத்தோடு இருந்து சிகிச்சை பெறுவதே மேல் என்று நீங்களே முடிவு செய்தால், திசுப் பரிசோதனை அறிக்கை, கொலோனோஸ்கோபி (பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை) அறிக்கை, சிடி ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். அவை இல்லாவிட்டால் ஊரில் மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். வாரங்கள் வீணாகும்.

வெட்டி எடுத்த பிறகு

எடுத்த குடல் பகுதியின் ஆய்வறிக்கை வந்ததும் கீமோதெரபி வேண்டுமா என்று சொல்வார்கள். நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தால் பெரும்பாலும் வேண்டும். இங்கே வேறு விதி வருகிறது. 2022 செப்டம்பர் முதல், வெளிநோயாளியாகப் பெறும் புற்றுநோய் மருந்துகளில் சுகாதார அமைச்சின் பட்டியலில் உள்ளவற்றுக்கே மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது. 2023 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த திட்டங்களும் அதே வழியில் வந்துவிட்டன. பட்டியலில் ஒரு மருந்து இருந்தாலும், எந்த நோய்க்கு, எந்த நிலையில் கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஆகவே மருத்துவர் மருந்தின் பெயரைச் சொல்லும்போது, 'என் நோய்க்கு இது பட்டியலில் இருக்கிறதா, மாதத்துக்கு எவ்வளவு கோரலாம்' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத மருந்து என்றால், அதற்கு மாற்று உண்டா என்பது அடுத்த கேள்வி.